படகில் மாட்டிய கொக்கி

ஆற்றில் படகு விடப் போனவர்கள் ஐந்து பேர்: வெல்டர் அண்ணன், சாரம் கட்டும் பையன்கள் இரண்டு பேர், எங்கள் கம்பெனி லாரியை ஓட்டும் பாய், நான். வராதவர் கிரேன் ஓட்டுநர். ஆறு பேருக்கும் பணம் கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போடப்போகிறார்கள், கிரேனுக்கு ஆள் வேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானம் அவரை நிறுத்திக்கொண்டார்கள். எங்களில் கனமான ஆள் அவர்தான். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

நான் சிங்கப்பூரில் எங்கள் கட்டுமான இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. "சேஃப்டி" என்பார்கள், வயதைப் பார்த்து "தம்பி"யும் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சூளையில் கல் அறுத்தவர்கள். அதனால் எழுதிவைத்த விதி என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. படித்ததை அப்படியே செய்தால் யாரும் சாகமாட்டார்கள் என்று நம்பித்தான் தினமும் செங்காங்கிலிருந்து ரயில் ஏறுகிறேன்.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவேன். முடிவில் ஒரு பழக்கம். நான் "கொக்கி?" என்று கத்துவேன். "மாட்டியாச்சு!" என்று எல்லோரும் திருப்பிக் கத்துவார்கள். உயரத்தில் வேலை செய்கிறவனுக்கு இடுப்பில் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று மாட்டியிருக்க வேண்டும். இரண்டும் காற்றில் தொங்குவதைப் பார்த்தால் கீழே இறக்கி அன்றைய வேலையை நிறுத்திவிடுவேன். வெல்டர் அண்ணனை ஒரு முறைகூட இறக்கியதில்லை. பாதுகாப்பு விஷயத்தில் அவ்வளவு சுத்தமான ஆள். வெல்டிங்கிலும் அப்படித்தான்.

ஆற்றில் படகு விடும் யோசனை தேக்காவில் பிறந்தது. ஞாயிறுகளில் தேக்கா சந்தைக்குள் ஒரு டீக்கடையில் உட்காருவோம். சாரம் கட்டும் பையன்களில் மூத்தவன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். மலேசியாவில், பேராக் பக்கம், காட்டுக்குள் ஓடும் ஆறு. வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரில் ஒரு ரப்பர் படகு துள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து கத்துகிறார்கள்.

"காசு குடுத்து இப்படிக் கத்தணுமா? நம்ம சைட்டுக்கு வந்தா சும்மாவே கத்தலாமே" என்றார் கிரேன்காரர்.

"அண்ணே, ஹெல்மெட்டப் பாத்தீங்களா? அங்கயும் விடமாட்டாங்க போல" என்றான் இளையவன்.

பாய் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு முறை அங்கே போயிருக்கிறார். "ஒண்ணும் பயமில்ல லா. என் மவ கூட போயிருக்கா. அங்க உள்ளவங்கள எனக்குத் தெரியும், மலாய்ல பேசி ரேட்ட கொறைக்கலாம். ஜொகூர்லேர்ந்து வேன் எடுத்துக்கலாம். சனிக்கிழமை போனா ஞாயித்துக்கெழமை திரும்பிரலாம்."

வெல்டர் அண்ணன் கைப்பேசியை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஊரில் குளத்தில்கூடப் படியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக் குளிப்பவர் என்று சாரக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் மூவரும் ஒரே ஊர்.

"நானும் வரேன்" என்றார்.

"நீங்களா? பாத்ரூம்ல தண்ணி வேகமா வந்தாலே வெளிய ஓடிவருவீங்களேண்ணே!"

"பாப்பா கேட்டுது. எட்டு வருசமா அங்க இருக்கியே, என்னதாம்ப்பா பாத்தேன்னு. டார்மிட்டரி, சைட்டு, தேக்கா. வேற என்னத்தச் சொல்றது? ஒரு போட்டோவாச்சும் அனுப்புறேன்."

கிரேன்காரர்தான் தேர்வுப் பேச்சை எடுத்தார். "டெஸ்ட்ட வச்சுக்கிட்டு எதுக்குய்யா?"

அந்தத் தேர்வு எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் பாதிப் பேர் ஊருக்குப் போக வேண்டும். கம்பெனி அடுத்து எடுத்திருந்தது குழாய் வேலை. அதற்குப் போக வேண்டுமானால் ஒரு வெல்டிங் தேர்வில் தேற வேண்டும். குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பொருத்திவைப்பார்கள், அதை அசைக்கக் கூடாது. ஆள்தான் குழாயைச் சுற்றி வந்து, தலைக்கு மேலும் முட்டிக்குக் கீழும், நின்றும் குனிந்தும், ஒரே சீராகப் பற்றவைக்க வேண்டும். பிறகு அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். முழுக்க மணிக்கட்டு வேலை. அண்ணனுக்கு நாள் குறித்திருந்தார்கள், படகுப் பயணம் முடிந்து வரும் சனிக்கிழமை. தேறினால் இன்னும் இரண்டு வருடம் சிங்கப்பூர், கூடுதல் சம்பளம். தேறாவிட்டால் ஊர்.

"டெஸ்ட்டு அடுத்த வாரந்தானே. ஆத்துல வெல்டிங்கா பண்ணப்போறேன்?" என்றார் அண்ணன்.

நான் அந்தக் காணொளியை நிதானமாகப் பார்த்தேன். மிதவைச் சட்டை, தலைக்கவசம், வழிகாட்டி என்று எல்லாம் இருந்தன. எனக்கும் போகலாம் என்றுதான் பட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்து, ஜொகூர் பஸ்ஸில் எல்லைப் பாலம் கடந்து, வேன் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றங்கரையில் மரக்குடில்கள். காலையில் எழுந்து பார்த்தபோது ஆறு காணொளியில் பார்த்ததைவிடச் சின்னதாகத்தான் தெரிந்தது. காப்பித் தூள் நிறத்தில் தண்ணீர், வீடு அளவுக்குப் பாறைகள், இரு பக்கமும் மூங்கிலும் பெயர் தெரியாத மரங்களும். சத்தம்தான் அதிகம். எங்களுக்கு முன்னால் கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் அலுவலகக் கூட்டம் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

வழிகாட்டி நாற்பது வயது மலாய்க்காரர். பாய் அவரை அபாங் (மலாயில் அண்ணன்) என்றார், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் மலாயில் சொன்னதைப் பாய் தமிழில் சொன்னார். அபாங் "மாஜு" என்றால் முன்னால் துடுப்புப் போட வேண்டும். உண்டூர் என்றால் பின்னால். பெகாங் என்றால் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு படகின் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"விழுந்தா பதறாதீங்கங்கிறாரு. மல்லாக்கப் படுத்து காலை முன்னாடி நீட்டிக்கணுமாம். ஜாக்கெட்டு தூக்கிரும். கயித்தக் கையில மட்டும் சுத்திக்காதீங்க, வெரல் போயிரும்."

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இப்படிக் கவனமாகக் கேட்கும் ஆள் எனக்கு வேலையிடத்தில் கிடைப்பதில்லை.

ஆறாவது ஆள் இல்லாததால் வலப்பக்கம் மூன்று பேர், இடப்பக்கம் இரண்டு பேர். அபாங் முகம் சுளித்து, ஆட்களை மாற்றி உட்காரவைத்துப் பார்த்தார். கடைசியில் இடப்பக்கம் முன்னால் பாய், பின்னால் நான். வலப்பக்கம் முன்னால் அண்ணன், அவருக்குப் பின்னால் சாரக்காரர்கள். அபாங் பின்முனையில்.

முதல் இறக்கத்தில் எல்லோரும் கத்தினோம். கிரேன்காரர் சொன்னது தப்பு, இது வேறு மாதிரிக் கத்தல். இரண்டாவதில் படகு ஒரு பாறையில் முட்டித் திரும்பிப் பின்பக்கமாகவே இறங்கியது. சின்னவன் "அம்மா" என்றான், பெரியவன் "மறுக்கா, மறுக்கா" என்றான். அண்ணன் கண்ணை இறுக மூடியிருந்தார். ஆனாலும் அபாங் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தார்.

அதற்கப்புறம் ஆறு கொஞ்சத் தூரம் குளம்போல் அமைதியாக இருந்தது. தண்ணீரில் இறங்க விரும்புகிறவர்கள் இறங்கலாம் என்றார் அபாங். சாரக்காரர்கள் இருவரும் குதித்தார்கள். மிதவைச் சட்டை அவர்களைத் தக்கை மாதிரி தூக்கிப்பிடித்தது.

"வாங்கண்ணே! முங்கணும்னாலும் முங்க முடியல!"

"நான் இங்கயே இருக்கேன். நீங்க கூத்தடிங்க."

அப்போதுதான் பார்த்தேன். சுத்தியல், ஸ்பானர் எல்லாம் உயரத்திலிருந்து கை நழுவி விழாமல் இருக்க, இரு முனையிலும் கொக்கி வைத்த குட்டைப் பட்டை ஒன்று எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். அண்ணன் அதை ஊரிலிருந்து திருநீற்றுப் பொட்டலம் கொண்டுவருவதுபோல் காற்சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு முனை மிதவைச் சட்டையின் வாரில், மறுமுனை படகின் ஓரக் கயிற்றில். இரண்டையும் திருகிப் பூட்டியிருந்தார்.

என் கண் அதைப் பார்த்ததும் மனம் 'சரி' என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. எத்தனையோ காலைகளின் பழக்கம். பிறகு தண்ணீரில் கிடந்த பையன்களைப் பார்த்தேன். அவர்கள் படகிலிருந்து விலகிப் போனார்கள், நெருங்கி வந்தார்கள், ஆறு எப்படித் தள்ளியதோ அப்படிப் போனார்கள். இங்கே விழுவது தப்பில்லை. விழுந்தவன் படகைவிட்டு விலகிப் போனால்தான் பிழைப்பான். சாரத்தில் கொக்கி ஆளைத் தாங்கிப்பிடிக்கும், சாரம் அசையாது. இங்கே சாரமே கவிழக்கூடியது.

பையன்கள் ஏறிவிட்டார்கள். படகு வேகம் பிடிக்கத் தொடங்கியது. அடுத்த இறக்கத்தின் இரைச்சல் கேட்டது.

"அண்ணே, அந்தக் கொக்கியக் கழட்டுங்க" என்று கத்தினேன்.

"என்னது?"

"கொக்கியக் கழட்டுங்கண்ணே! கயித்துலேர்ந்து கழட்டுங்க!"

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்று காலையில் அவர் சிரித்தது அப்போதுதான். "டேய், கேட்டுக்கங்கடா. சேஃப்டி தம்பி கழட்டச் சொல்லுது!"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைண்ணே, சேஃப்டிக்கும் லீவு" என்றான் பெரியவன்.

"நான் வெளையாடலண்ணே, நெசமாத்தான்!"

"கழட்டுனா நாளைக்கு மெமோ குடுத்துருவ. எனக்குத் தெரியாதா உன்னய? நான் மாட்டேன்."

பாய் என்னவென்று திரும்பினார். நான் துடுப்பைப் போட்டுவிட்டு அண்ணன் பக்கம் தாவினேன். அபாங் "பெகாங்! பெகாங்!" என்று கத்தினார். அண்ணன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். படகின் வலப்பக்கம் ஏற்கெனவே கனம், இப்போது நானும் அந்தப் பக்கம் வந்திருந்தேன். படகு ஒரு பாறைமேல் ஏறி, ஒருக்களித்து நின்று, வலப்பக்கமாகவே கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. சட்டை என்னைத் தூக்கி வெளியே விட்டது. காலை நீட்டி மல்லாந்தேன். வாயில் தண்ணீரும் மணலும். பாய் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சாரக்காரர்கள் இருவரும் பாறை ஓரம் ஒதுங்கியிருந்தார்கள். கவிழ்ந்த படகின் கறுத்த அடிவயிற்றின் மேல் அபாங் ஏறிவிட்டார். அண்ணன் இல்லை.

"அண்ணன் அடியில! ஹூக்! ஹூக்!" என்று கத்தினேன். மலாயில் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. பாய் தண்ணீரில் கிடந்தபடியே மலாயில் கத்தினார்.

அபாங் தன் மிதவைச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் செருகியிருந்த கத்தியை உருவி, குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். படகு இன்னொரு பாறையில் இடித்தது. அந்தப் பட்டை எளிதில் அறுந்துபோகாது, அதற்குச் சான்றிதழே உண்டு. அதனால் அவர் படகின் ஓரக் கயிற்றையே அறுத்தார். சிவப்புத் தலைக்கவசம் ஒன்று கொஞ்சம் தள்ளி மேலே வந்தது. அண்ணன் இருமினார்.

கரையில் உட்காரவைத்தபோது அவர் முதலில் பார்த்தது வலது கையைத்தான். மணிக்கட்டு படகுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியிருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தார், மடங்கின. கையைத் திருப்பிப் பார்த்தார். திருப்ப முடியவில்லை.

"ஏண்ணே மாட்டுனீங்க? அபாங் சொன்னாருல்ல?" என்று சின்னவன் அழுகிற குரலில் கேட்டான்.

"கயித்தக் கையில சுத்தாதேன்னுதான் சொன்னாரு. கொக்கியப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியேடா."

உண்மைதான். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் பையில் கொக்கியோடு வருவதில்லை. அதைச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று அபாங்குக்கு எப்படித் தோன்றும்? அவர் பாயிடம் இரண்டு முறை கேட்டார், இவர்களுக்கு என்ன வேலை என்று. பாய் சொன்னதும் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணனின் மடியில் வைத்தார்.

அண்ணன் என்னிடம் சொன்னார்: "மாட்டாம ஒக்காந்தா ஒடம்பு நெலையா நிக்கலப்பா. காத்துல தொங்குற மாதிரியே இருந்துச்சு." பிறகு, "சனிக்கெழமைக்குள்ள வீக்கம் வத்திரும்ல?"

மறுநாள் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார்கள். டாக்டர் பேனாவால் ஓர் இடத்தைத் தொட வந்தார். அதற்குள் அண்ணன் இடது கையை நீட்டி, சரியாக அந்த மெல்லிய கோட்டின் மேலேயே விரல் வைத்தார்.

"இந்தா இருக்கு. கிராக்கு."

டாக்டர் தமிழர்தான். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க வேலையிலயும் இதே எக்ஸ்ரேதான் சார். பொடிப்பொடியா ஓட்டை விழுந்திருந்தா ஒரு அளவுக்கு விட்டுருவாங்க. கிராக்கு விழுந்தா எவ்வளவு சின்னதா இருந்தாலும் ரிஜெக்ட்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுத்த கணம் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆறு வாரம் கட்டுப் போட வேண்டும் என்றார் டாக்டர்.

தேர்வு மையத்தில் நாள் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், பணம் கட்ட வேண்டும். ஆனால் அண்ணனின் ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிகிறது. அலுவலகத்தில் என்ன பேசுவது என்று இரவெல்லாம் யோசித்து ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தயாரித்துவைத்திருந்தேன். மேலாளர் சீனர், கெட்டவர் இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லத் தயங்காதவர். நான் வாயைத் திறக்குமுன் அண்ணனே கட்டுப்போட்ட கையை அவர் மேசைமேல் வைத்தார்.

"பாஸ். போட் கோ டவுன். ஹேண்ட் கிராக். சிக்ஸ் வீக். ஆஃப்டர், டெஸ்ட் கேன்."

மேலாளர் கையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போட்? வை, யூ நெவர் ஹூக் ஆ?"

"ஹூக், பாஸ். ஹூக்தான் ப்ராப்ளம்."

நான் நடந்ததைச் சொன்னேன். நான் எழுதிவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அதில் வரவில்லை. மேலாளர் முதலில் சிரித்தார். கத்தியால் அறுத்த இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆறு வாரம் சாமான் அறையில் இருக்கட்டும், அடிப்படைச் சம்பளம் மட்டும், ஓவர்டைம் கிடையாது என்றார். தேறினால் பார்க்கலாம், தேறாவிட்டால் டிக்கெட் போடுவேன் என்றும் சொன்னார்.

அப்படி அண்ணன் என் பொறுப்பில் இருந்த சாமான் அறைக்கு வந்தார். இடது கையால் ஒவ்வொரு கொக்கியாக எடுத்து, சுருள்கம்பி சரியாக இருக்கிறதா, பட்டை நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். கட்டுக்குள் இருந்த வலது கை விரல்களால் ஒரு பென்சிலைப் பிடித்து மேசை விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டே இருப்பார். வெல்டிங் கம்பியைப் பிடிக்கும் பிடி. யாராவது வந்தால் நிறுத்திவிடுவார். காலைப் பேச்சில் நான் "கொக்கி?" என்று கேட்கும்போது பின்வரிசையிலிருந்து "சைட்டுல மட்டும்!" என்று யாராவது கத்துவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கத்துபவர் பெரும்பாலும் அண்ணன்தான்.

கட்டு பிரித்த பிறகு இரண்டு வாரம் பழைய குழாய்த் துண்டுகளில் பழகினார். அதற்குள் சாரக்காரர்களில் பெரியவன் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். தேர்வு நாளன்று நான் வாசலில் நின்றேன். வெளியே வந்தவரின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. எக்ஸ்ரே முடிவு வரும்வரை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே திரிந்தார். முடிவு வந்தது. தேறிவிட்டார்.

அந்த ஞாயிறு தேக்காவில் அதே டீக்கடை. அண்ணன் எல்லாச் செலவும் தன்னுடையது என்று ஆரம்பித்தார். கிளினிக்குக்கும் தேர்வுக்கும் பணம் கட்டியது நானும் பாயும்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் கிரேன்காரர். "நான் வந்திருந்தா அந்தப் பக்கம் வெயிட்டு இருந்திருக்கும், போட்டு கவுந்திருக்காது. என்னயும் சேத்துப் போடுங்க."

"ஒனக்காக ரெண்டு போட்டுல்ல வேணும்" என்றார் பாய். "எல்லாத்தையும் கூட்டி ஆறா வகுத்துரலாம் லா. பெரியவன்ட்ட நான் கேட்டுட்டேன், அனுப்புறேன்னுட்டான்."

அண்ணன் ஒரு பங்கு தனக்கு என்று ஒத்துக்கொள்ள இரண்டு டீ ஆனது. பிறகு, "அந்தப் போட்டோ காசச் சேத்தியா?" என்று என்னைக் கேட்டார். ஆற்றங்கரையில் விற்ற படம். படகு பாறைமேல் ஒருக்களித்து நிற்கிறது. நான் குறுக்கே பாய்ந்துகொண்டிருக்கிறேன், பாய் வாயைப் பிளந்திருக்கிறார். அண்ணன் இருக்கும் இடத்தில் நுரையும் ஒரு சிவப்புத் தலைக்கவசமும் கயிற்றைப் பிடித்த ஒரு கையும் மட்டும்தான். பாப்பாவுக்கு அனுப்பினாராம். இதில் நீ எங்கே அப்பா என்று கேட்டதாம். கயிற்றைப் பிடித்திருக்கும் கையைப் பார் என்றாராம்.

படத்தையும் சேர்த்து மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது சிங்கப்பூர் வெள்ளி. ஆளுக்கு நூற்றுத் தொண்ணூறு.